வெட்டுவதற்காக வளரும் மரம்

கல்யாணப் பந்தலின் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிராத தமிழர் எவரும் இருக்க முடியாது. ஆனால் இலையில் விழும் பதார்த்தங்களையும், சம்பந்தி வீட்டாரின் முகக்குறிப்பையும், நாதசுரக்காரரின் வாசிப்பையும் அத்தனை கூர்மையாகக் கவனிக்கிற நாம், அந்தப் பந்தலைத் தாங்கி நிற்கிற கால்களை ஒரு முறையேனும் நிமிர்ந்து பார்த்ததுண்டா என்று கேட்டால், இல்லையென்றே சொல்ல வேண்டியிருக்கும். நேராக நீண்டு, சொரசொரப்பான பழுப்புப் பட்டையோடு நிற்கும் அந்தக் கால்கள் சவுக்கு மரங்கள். அவை எந்தக் காட்டிலிருந்தும் வெட்டிக்கொண்டு வரப்பட்டவை அல்ல. மரக்காணத்திலோ, கடலூர்ப் பக்கத்திலோ, ஏதோ ஒரு குடியானவர், வேர்க்கடலை விதைப்பதற்குப் பதிலாகத் தம் கொல்லையில் நட்டு, நீர் ஊற்றி, பக்கக் கிளை கழித்து, நாலாம் வருஷமோ ஐந்தாம் வருஷமோ வியாபாரிக்கு விலை பேசி விற்ற விளைபொருள் அது. நெல்லைப் போல, கரும்பைப் போல, அதுவும் ஓர் அறுவடை.

மரம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் மனம் காட்டுக்குப் போய்விடுகிறது. வெட்டுதல் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் பாவம் என்று பதறுகிறது. காட்டைப் பொறுத்தவரையில் இந்தப் பதற்றம் நியாயமானதே. அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் குடியானவருடைய சொந்த நிலத்தில், அவர் உழைப்பையும் கிணற்று நீரையும் உண்டு வளர்கிற மரத்திற்கும் அதே தர்மத்தை விதிக்கப் புகுந்தோமானால், விளைவு நேர்மாறாக முடிந்துவிடுகிறது என்பதே நான் சொல்ல விரும்பும் விஷயம். வெட்ட விடமாட்டார்கள் என்று தெரிந்துவிட்ட மரத்தைத் தன் நிலத்தில் நடுவதற்கு யாருக்கும் கை வருவதில்லை.

சவுக்கு இந்த மண்ணுக்குரிய மரமன்று. தென்கிழக்காசியக் கடற்கரைகளும், ஆஸ்திரேலியாவும், பசிபிக் தீவுகளும் அதன் தாயகம். காசுவாரி என்னும் பறக்கமாட்டாத பெரும் பறவையின் தொங்கும் இறகுகளை அதன் கிளைகள் ஒத்திருப்பதைக் கண்டு, தாவர நூலார் அப்பறவையின் பெயரையே இம்மரத்திற்குச் சூட்டினார்கள். இலையென்று நாம் நினைக்கிற அந்தப் பச்சை ஊசிகள் உண்மையில் இலைகளல்ல, கணுக்கணுவான மெல்லிய சிறு கிளைகள். மெய்யான இலைகளோ அக்கணுக்களைச் சுற்றிப் பற்களைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய செதில்கள்தாம். ஒரு ஊசியைக் கணுவில் இழுத்துப் பிரித்து, மறுபடி பொருத்தி வைத்து, எங்கே பிரித்தேன் சொல் பார்க்கலாம் என்று விளையாடிய கடற்கரைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு, புத்தகத்தைத் தொடாமலே இந்தத் தாவர சாஸ்திரம் கைவந்திருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மதராஸ் ராஜதானியின் ரயில் எஞ்சின்கள் விறகை எரித்து ஓடிய காலத்தில், அந்தத் தீராப் பசிக்குச் சுற்றுவட்டக் காடுகள் தாங்காது என்பது தெரிந்ததும், சோழமண்டலக் கரையின் மணற்பரப்புகளில் சவுக்குத் தோப்புகள் எழலாயின. எஞ்சின் பின்னர் நிலக்கரிக்கு மாறியது. ஆயினும் தோப்பு போகவில்லை. நகரம் வளர வளர அதன் அடுப்புகளுக்கு விறகும், கட்டடங்களுக்குச் சாரமும், குடிசைகளுக்குக் கைமரமும், திருவிழாக்களுக்குப் பந்தற்காலும் வேண்டியிருந்தன. இப்போது கரூருக்கு அருகே காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தைப் போன்ற ஆலைகள், கரும்புச் சக்கையோடு சேர்த்து அரைப்பதற்குச் சவுக்கையும் தைல மரத்தையும் குடியானவர்களிடமே வாங்குகின்றன. நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு மரம் இப்படி வேலை மாறி மாறி உத்தியோகத்தில் நீடித்திருப்பதன் ரகசியம், அதை நட்டவர் நினைத்தபோது வெட்டலாம், யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்ற ஒன்றே என்பது என் அபிப்பிராயம்.

அதன் சாகுபடியில் சில நுட்பங்கள் உண்டு. விதை மிகச் சிறியது, இறகு முளைத்த தவிடு போன்றது; நாற்றங்காலில் தூவிவிட்டு மறுநாள் வந்து பார்த்தால், எறும்புகள் பாதியைச் சுமந்துகொண்டு போயிருக்கும். ஆகையால் மேட்டுப் பாத்தியைச் சுற்றி எறும்பு அண்டாதபடி மருந்து தூவுவது நாற்று விடுபவரின் முதல் வேலை. அதற்கும் முந்தியதாக, பழந்தோப்பு ஒன்றிலிருந்து ஒரு கூடை மண்ணைக் கொண்டுவந்து புதிய நாற்றங்காலில் கலப்பதையும் அனுபவசாலிகள் விடுவதில்லை. காரணம் கேட்டால், பழைய மண் பட்டால்தான் கன்று தேறும் என்று மட்டும் சொல்வார்கள். விஞ்ஞானம் தரும் காரணம் இது: பிராங்கியா என்னும் நுண்ணுயிர் சவுக்கின் வேரில் புகுந்து முடிச்சுகளை உண்டாக்கி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்திற்கு ஊட்டுகிறது, புதுமணலில் இல்லாத அவ்வுயிர் பழந்தோப்பின் மண்ணில் நிறைந்திருக்கிறது. உளுந்தும் துவரையும் வேறொரு ஜாதி நுண்ணுயிரைக் கொண்டு செய்துகொள்கிற அதே காரியத்தைச் சவுக்கு தன் வழியில் செய்துகொள்கிறது. உப்புக் காற்றடிக்கும் வெறும் மணலில், வேறு எதுவும் முகங்கொடுக்காத இடத்தில், அது செழிப்பதற்குக் காரணமும் இதுதான்.

ஐப்பசி கார்த்திகை மழையில் கன்றுகளை ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு ஒன்றாக நடுவார்கள்; அந்தக் கணக்கில் ஏக்கருக்கு 4,000 கன்றுகள் பிடிக்கும். மின்சார மோட்டார் வராத நாளில், மணலில் ஆங்காங்கே ஊற்றுக்குழி தோண்டி, ஆணும் பெண்ணுமாகக் குடத்தில் மொண்டு, ஒவ்வொரு கன்றுக்கும் முதல் இரண்டு கோடை நீர் ஊற்றியே காப்பாற்றியிருக்கிறார்கள். நாலாயிரம் கன்றுக்குக் குடத்தால் நீர் வார்ப்பது எத்தகைய காரியம் என்பதை, மாடியில் பத்துத் தொட்டி வைத்திருப்பவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். முதல் வருஷம் கன்றுகளின் இடையே வேர்க்கடலையோ உளுந்தோ தர்ப்பூசணியோ எடுத்துவிடுகிறார்கள். அதற்கு மேல் நிழல் கூடிவிடும். கழி நேராக வரவேண்டுமென்பதற்காகக் கீழ்ப்பகுதியின் பக்கக் கிளைகளை மட்டும் அவ்வப்போது கழிப்பார்கள். ஆசைப்பட்டு உச்சிவரையில் கழித்துவிட்டால் மரம் காற்றில் ஒடியும், பருமனும் கூடாது. வெட்டிய அடியிலிருந்து தைல மரம் மறுபடி தழைப்பதைப் போலச் சவுக்கு செவ்வையாகத் தழைப்பதில்லை. ஆகவே, வெட்டியபின் வேரையும் தோண்டி விறகாக விற்றுவிட்டு, நிலத்தைச் சுத்தமாக்கி, அடுத்த போகத்திற்கு நெல்லோ கடலையோ வைத்துவிட முடிகிறது. மரம் வைத்தால் நிலம் என்றைக்கும் மரத்துக்கே சொந்தமாகிவிடுமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு, இதைவிட ஆறுதலான ஜாதி வேறில்லை.

தோப்பாக வைப்பது ஒருவகை. பெரும்பாலான சிறு விவசாயிகளுக்கு அதற்கு வேண்டிய நிலமும் கிடையாது, நாலு வருஷம் வருமானமின்றி இருக்கக்கூடிய வசதியும் கிடையாது. அவர்களுக்கு உரியது வரப்பு. அங்கேதான் நிழல் என்னும் வழக்கு ஆரம்பமாகிறது.

சம்பா நெல் வளர்கிற மாதங்களில் சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்து செல்கிறது. ஆகவே மரத்தின் நிழல் வடக்கு நோக்கி விழும். தென் வரப்பில் மரம் வைத்தால் நிழல் நம் நெல்லின் மேலேயே விழுந்து, அந்த ஓரத்தில் கதிர் சுருங்கும். வட வரப்பில் வைத்தால் நம் வயல் தப்பித்துக்கொள்ளும். ஆனால் நிழல் அண்டை வயற்காரருடைய பயிரின் மேல் போய்ப் படுக்கும். நம் நாட்டில் இரண்டு பங்காளிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதற்கு எத்தனையோ காரணங்கள் சொல்லப்பட்டாலும், அவற்றுள் ஒரு நல்ல பகுதிக்கு அடியில், வட வரப்பில் நிற்கும் ஒரு புளியமரமோ வேப்பமரமோ இருப்பதை விசாரித்தால் கண்டுகொள்ளலாம். இதற்குப் பரிகாரம் மரத்தை விலக்குவதன்று; வரப்புக்கு ஏற்ற மரத்தைத் தேர்ந்து, அதன் தலையைக் கையாளத் தெரிந்திருப்பதே.

பழைய காலத்துக் குடியானவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். காவிரிப் படுகையின் வாய்க்கால் கரைகளில் பூவரசும், புங்கும், வாதநாராயணனும் நின்றன என்றால், அவை கவனிப்பாரற்று நின்றவையல்ல. உழவுக்கு முன் அவற்றின் கிளைகளைக் கழித்து, தழையைச் சேற்றில் போட்டு மிதிப்பார்கள். வயலுக்குத் தழையுரம் ஆயிற்று, பயிருக்கு வெயிலும் ஆயிற்று. நடவு முடிந்து பயிர் கதிர்விடும் வரையில் மரம் மொட்டையாய் நிற்கும், அறுவடைக்குள் தழைத்துக்கொள்ளும். ஒரே வெட்டில் இரண்டு பிரயோஜனம். ரசாயன உரம் மூட்டையில் வந்திறங்கியதும், மரம் ஏறித் தழை வெட்டக் கூலிக்கு ஆள் அகப்படாமற்போனதும், அந்த மரங்கள் வெட்டாமல் விடப்பட்டன. வெட்டாமல் விட்டதனால் தலை பெருத்தன. தலை பெருத்ததனால் பயிருக்குச் சத்துருவாயின. சத்துருவானதனால் அடியோடு போயின. தழைக்கென்று வருஷந்தோறும் கை வைத்திருந்தால் இன்றும் அவற்றுட் பல நின்றிருக்கும்.

மேலே நிழல் என்றால் கீழே வேர். பயிரும் மரமும் ஒரே ஈரத்துக்குப் போட்டியிடுகின்றன. மரவரிசைக்கும் பயிருக்கும் நடுவே இரண்டடி ஆழத்தில் ஒரு நீள் பள்ளம் எடுத்து, பயிர்ப்பக்கம் படரும் மேல்வேர்களை அறுத்துவிட்டால், மரம் கீழ்நோக்கி இறங்கி, பயிருக்கு எட்டாத ஈரத்தைத் தேடிக்கொள்ளும். பள்ளத்தில் மழைநீரும் தங்கும். கொஞ்சம் கூலி பிடிக்கிற வேலைதான்.

தேக்கைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தைத் தாண்ட முடியாது. 1990-களில் நம் நாட்டில் தேக்கு ஒரு மரமாக இராமல் ஒரு மயக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. இன்று சில ஆயிரம் ரூபாய் கட்டினால் இருபது வருஷத்தில் லட்சக்கணக்கில் திரும்பும் என்று பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் செய்த கம்பெனிகள் பல, அந்தத் தசாப்தம் முடிவதற்குள்ளேயே மூடுவிழாக் கண்டன. பணம் கட்டியவர்களுள் பெரும்பாலோர் தேக்கு மரத்தை வாசற்கதவாகத் தவிர வேறு உருவில் பார்த்திராதவர்கள். மரம் வட்டியைப் போலத் தானாக வளருமென்று நம்பினார்கள்.

அதே மயக்கத்தில் என் பெரியப்பாவும் ஓர் ஏக்கர் தேக்கு வைத்தார். இரண்டு மீட்டருக்கு ஒரு குச்சி வீதம் ஆயிரம். முதல் ஐந்து வருஷம் அந்தத் தோப்பு பார்ப்பவர் கண்படும்படி வளர்ந்தது. விருந்தினர்களை முதலில் அங்கேதான் அழைத்துக்கொண்டு போவார். ஆறாம் வருஷம், வன இலாகாவிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு சிநேகிதர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றுவிட்டு ஒன்றை வெட்டிவிடச் சொன்னார்.

“நட்ட கையாலேயே வெட்டச் சொல்கிறீர்களே, இது நன்றாயிருக்கிறதா?” என்றார் பெரியப்பா.

“கேழ்வரகு நெருக்கமாக முளைத்தால் நீங்கள் கலைத்து விடுவதில்லையா, அண்ணா? இது கொஞ்சம் உயரமான கேழ்வரகு, அவ்வளவுதான்.”

பெரியப்பா சிரித்துக்கொண்டாரே தவிர வெட்டவில்லை. தலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டுவிட்ட தோப்பில் மரம் வெளிச்சத்தைத் தேடி உயரும், பருக்காது, கீழ்க்கிளைகள் காயும், உணவு சமைக்கும் இலைப்பரப்பு உச்சியில் ஒரு குடையளவாய்ச் சுருங்கிப்போகும். இருபது வருஷம் கழித்து வியாபாரி வந்தபோது, ஆயிரத்தில் பெரும்பகுதி கைமரத்துக்குத்தான் ஆகும் என்றான். பருமனுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதை மரவாடியின் கணக்கே சொல்லும். தடியின் சுற்றளவில் நாலில் ஒரு பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குவது அவர்கள் வழக்கம். சுற்றளவு 24 அங்குலம், நீளம் 12 அடி என்றால், நாலில் ஒன்று அரை அடி. அரையை அரையால் பெருக்கக் கால். அதை 12-ஆல் பெருக்க 3 கன அடி. அதே நீளத்தில் சுற்றளவு 48 அங்குலமானால், நாலில் ஒன்று ஓர் அடி. 12 கன அடி. சுற்றளவு இரண்டு மடங்கானால் மரம் நாலு மடங்காகிறது. பருத்த தடியில் வைரம் மிகுதியாதலால் கன அடிக்கு விலையும் ஏறுகிறது. ஆகவே நெருங்கி நிற்கும் நாலு மெல்லிய மரத்தைவிட, மூன்றை உரிய காலத்தில் பறிகொடுத்து நிற்கும் ஒரு பருத்த மரம் உடையவருக்கு அதிக லாபம். இந்தக் கணக்கைப் பெரியப்பாவிடம் நான் பிற்காலத்தில் விளக்கியபோது, இதை அப்போதே சொல்லியிருக்கலாமே என்று என்னைக் கோபித்துக்கொண்டார். அப்போது எனக்குப் பதினோரு வயது.

தானே வெட்டத் தயங்குவது ஒருபுறமிருக்க, வெட்டக்கூடாது என்று பிறர் தடுப்பது மற்றொன்று. இதற்குச் சந்தனத்தைக் காட்டிலும் சிறந்த திருஷ்டாந்தம் கிடையாது. 1792-இல் திப்பு சுல்தான் மைசூர் நாட்டில் சந்தனத்தை ராஜ விருக்ஷமாக அறிவித்தார். சுல்தான் போனபின்பும் சட்டம் போகவில்லை. பின்வந்த சர்க்கார்கள் எல்லாம் அந்த ஏற்பாட்டை மகிழ்ச்சியோடு தொடர்ந்து காத்தன. பறவை எச்சமிட்டு வேலியோரத்தில் தானாக முளைத்த கன்று, நிலத்துக்காரருக்கு அதிர்ஷ்டமாய் இருந்திருக்க வேண்டும், நேர்ந்ததோ வேறு. வளர்ந்தால் மரம் சர்க்காருக்கு. களவு போனால் விசாரணை நிலத்துக்காரருக்கு. இத்தகைய விருந்தாளியை முளையிலேயே கிள்ளி எறிவதில் அவர் புத்திசாலித்தனம் இருந்ததே ஒழியக் குற்றம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. காட்டுச் சந்தனம் கொள்ளை போய்க்கொண்டிருந்தது; கழனியில் வளர்ந்து அந்தக் குறையை ஈடு செய்திருக்கக்கூடிய சந்தனமோ சட்டத்தின் பாதுகாப்பினாலேயே முளைக்காமல் போயிற்று. 2001-இல் கர்நாடகமும் மறு வருஷம் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, பட்டா நிலத்துச் சந்தனத்தை நிலத்துக்காரருக்கே உரியதாக்கிய பிறகுதான், அதைப் பயிராக வைப்போர் தோன்றினார்கள்.

இன்றும் வன இலாகாவின் அனுமதியின்றி அதை வெட்டவோ விற்கவோ இயலாது என்பதை, நாற்றுப்பண்ணை வியாபாரிகள் சில வேளைகளில் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்ல மறக்கும் இன்னொன்றும் உண்டு. சந்தனம் பிறர் கையை எதிர்பார்த்து வாழும் சுபாவமுள்ளது. அதன் வேர்கள் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றி உறிஞ்சியே நீரையும் சத்துக்களையும் பெறுகின்றன. தொட்டியில் இருக்கும்போது ஒரு கீரைச் செடி, நிலத்தில் நட்டதும் பக்கத்தில் துவரை, பின்னர் நீடித்து நிற்கும் சவுக்கோ வேறொரு மரமோ அதற்குத் துணை வேண்டும். தனியே நட்ட சந்தனம் வெளுத்து, நலிந்து, நின்ற இடத்திலேயே நிற்கும். வாசனையுள்ள வைரம் ஏறத் தொடங்குவதற்கே ஏறக்குறைய பத்து வருஷம் ஆகும். நல்ல வைரத்துக்கு அதன்மேல் இன்னும் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். கள்ளர் பயமோ பத்தாம் வருஷமே தொடங்கிவிடும்.

சட்டங்கள் சந்தனத்தோடு நிற்கவில்லை. தோதகத்தி என்னும் ஈட்டிக்கு 1994-இல் ஒரு தனிச் சட்டம். மலைப்பகுதி மரங்களுக்கு 1955-இல் ஒன்று. வெட்டிய மரத்தை வண்டியேற்றிச் செல்வதற்கு 1968-ஆம் வருஷத்து விதிகள். ஒவ்வொன்றும் நல்லெண்ணத்தில் பிறந்ததே. மலைச்சரிவு மொட்டையாகாமல் காத்ததில் இரண்டாவதற்குப் பங்குண்டு என்பதையும் மறுக்கமாட்டேன். ஆனால் தம் வீட்டுப் பின்புறத்து மரத்தைத் தாமே வெட்டி மரவாடிக்குக் கொண்டுபோகிற சிறு விவசாயி, வழியில் நிறுத்தி விசாரிக்கப்படும்போது படும் பாட்டைக் கண்டவர், அடுத்த மரத்தை அவர் நடுவார் என்று பந்தயம் கட்டமாட்டார். மூங்கிலின் கதை இதைவிட வேடிக்கை. அது புல் ஜாதி என்பது தாவர நூலாருக்கு நெடுங்காலமாகத் தெரியும். ஆயினும் 1927-ஆம் வருஷத்து இந்திய வனச் சட்டம் அதை மரமென்று எழுதிவைத்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலாவது மரமன்று என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொள்வதற்கு 2017 வரையில், தொண்ணூறு வருஷம், தேவைப்பட்டது.

இத்தகைய விலங்குகளைத் தளர்த்துவதை நோக்கமாகக் கொண்டே 2014-இல் இந்திய சர்க்கார் வேளாண் காடுகளுக்கென ஒரு தேசியக் கொள்கையை வெளியிட்டது. இந்த விஷயத்துக்கென்று ஒரு தனிக் கொள்கை வகுத்த முதல் தேசம் நம்முடையதே. தமிழ்நாட்டில் 2021 முதல், விளைநிலங்களில் நீடித்த பசுமைப் போர்வை என்ற பெயரில், வரப்பு நடவுக்கு ஏக்கருக்கு 50 கன்றுகளும், ஐந்து மீட்டருக்கு ஒன்றாக நடும் முறைக்கு 160 கன்றுகளும் இலவசமாக வழங்கி, பிழைத்திருக்கும் கன்று ஒன்றுக்கு ஊக்கத்தொகையாக வருஷம் 7 ரூபாய் வீதம் மூன்று வருஷம் தரும் ஏற்பாடு வந்தது. நட்ட கன்றுக்கன்றிப் பிழைத்த கன்றுக்குப் பணம் என்பது இத்திட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சம். ஏனெனில் கன்று நடும் விழாவில் படம் பிடித்துக்கொள்ள எல்லோரும் வருகிறார்கள், சித்திரை வெயிலில் நீர் ஊற்றத்தான் ஆள் இல்லை. ஆனால் மரம் முற்றியபோது வெட்டுவதற்கு யாரிடம் போய் நிற்கவேண்டும் என்று கன்று வாங்க வந்தவர் கேட்டால், அதற்குரிய தெளிவான விடையையும் கன்றோடு சேர்த்தே அவர் கையில் கொடுத்தனுப்புவது நலம்.

சர்க்காரின் கொள்கையும் இல்லாமல், கம்பெனியின் விளம்பரமும் இல்லாமல், மரமும் புல்லும் மாடும் ஒரே நிலத்தில் ஒத்து வாழ்கிற ஓர் ஏற்பாட்டை நேரில் காண விரும்புகிறவர்கள், காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கங்களில் இறங்கி நடக்கவேண்டும். வருஷத்துக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டரே மழை பெய்யும் அந்தக் கொங்கு நாட்டுப் புன்செய்களில், கொறங்காடு என்று அவ்வூரார் அழைக்கும் மேய்ச்சல் நிலங்களைக் காணலாம். பெயரில் காடு இருந்தாலும் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் பட்டா நிலம். தரையில் கொழுக்கட்டைப் புல். இடையிடையே குடை விரித்தாற்போல் வெள்வேல மரங்கள். சுற்றிலும் முள்கிளுவையினால் ஆன உயிர்வேலி. வாயிலுக்கு ஒரு படல். காலையில் படலைத் திறந்து மாடுகளையும் செம்மறிகளையும் உள்ளே விட்டுச் சாத்திவிட்டால், மேய்ப்பவனைப் பற்றிய கவலையே இல்லை. காங்கயம் காளைகளின் புகழுக்கு அடிப்படை இந்தப் புல்லும் மரமுந்தான்.

வெள்வேலத்தின் தலை மெல்லிது. அதன் நிழல் புல்லைக் கொல்லாமல், உச்சிவேளையில் ஆடுமாடு ஒதுங்க இடம் கொடுக்கும். பங்குனி சித்திரையில் புல் கருகி, மேய ஒன்றுமில்லாத காலத்தில், அதன் காய்கள் முற்றி உதிரத் தொடங்குகின்றன. ஆடுகள் அவற்றைப் பொறுக்கித் தின்றே கோடையைக் கடக்கின்றன. அதுவும் போதாத வருஷங்களில் கிளையைக் கழித்துத் தழையைப் போடுவார்கள். ஆடு தின்ற காயின் விதை எருவோடு விழுந்து, மழையில் முளைக்கும். முளைத்தவற்றில் எவை நிற்கவேண்டும், எவை போகவேண்டும் என்பதை உடையவர் பார்த்துப் பார்த்துக் களைவார். அதன் பட்டை ஒரு காலத்தில் சாராயம் காய்ச்சப் பயன்பட்டது என்பதை இங்கே சொல்லுவதால், அந்த மரத்தின் மேல் யாரும் புதிய அபிமானம் கொள்ள வேண்டாம். முதிர்ந்த மரம் வண்டிக்கும் கலப்பைக்கும் விறகுக்கும் வெட்டப்படும். அதன் இடத்தில் இளையது ஒன்று ஏற்கெனவே ஆளுயரம் நிற்கும். புல் மெலிந்து வருகிறதென்று தோன்றினால், சில வருஷத்துக்கு ஒருமுறை நிலத்தை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து, பிறகு மறுபடி புல்லுக்கு விட்டுவிடுவார்கள்.

மாடு இல்லாத நிலத்துக்காரர் தம் கொறங்காட்டை வருஷக் குத்தகைக்கு விடுவதுண்டு. குத்தகை பேச வருகிறவர் முதலில் நடந்து பார்ப்பது வேலியை. முள்கிளுவைக் கொம்பை வெட்டி மழைக்கு முன்னே நெருக்கமாக ஊன்றிவிட்டால், வேர் பிடித்து, முள்ளோடு முள் பின்னி, ஆட்டுக்குட்டியும் நுழையமுடியாத சுவராகி, தலைமுறைகள் நிற்கும். வருஷந்தோறும் அதன் தலையைக் கழிக்க வேண்டும், கழித்த தழை ஆட்டுக்கு. ஓரிடத்தில் வேலி செத்து இடைவெளி விழுந்திருந்தால் குத்தகைப் பணத்தில் குறைப்பார்கள். இப்போது அப்பக்கத்துச் சாலையோரத்தில் சில வேலிகளைப் பிடுங்கி, கல் நட்டு, மனைகளாக அளந்து வைத்திருக்கிறார்கள். அடுத்த நிலத்தில் கிழவர் ஒருவர், வேலியில் கழித்த கொம்புகளைத் தரம் பிரித்து, விரற்கனமுள்ளவற்றைத் தனியே கட்டிக்கொண்டிருந்தார். எதற்கென்று கேட்டேன். மேலண்டைப் பக்கம் நாலு முழம் வேலி போய்விட்டது, மழைக்கு முன்னால் ஊன்ற வேண்டும் என்றார்.